மன்றாட்டு நோட்டின் வலது பக்கம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றால், பஸ் கம்பெனிக்குப் போன் செய்து வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். உனக்கு ஒன்பது தடவை அடித்தேன். பத்தாவது தடவை அடிக்கக் கை வரவில்லை. அதனால்தான் கடிதம். நீ கல்யாணமாகிப் போன புதிதில் எழுதியது. அதற்குப் பிறகு இதுதான்.

போன ஞாயிறு பூசையில் நடந்ததை நீ நேரில் பார்த்தாய். ஆனாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மன்றாட்டு வாசிப்பது நாலு வருஷமாக என் பொறுப்பு. கோயில் வாசலில் ஒரு நோட்டு விரித்து வைத்திருப்பார்கள். இடது பக்கம் நோயாளிகள், வலது பக்கம் இறந்தவர்கள். உள்ளே வருகிறவர்கள் தங்கள் வீட்டுப் பெயரை எழுதிவிட்டு வருவார்கள். நான் மேடை ஏறி முதலில் இடது பக்கத்தைப் படிப்பேன். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் "ஆண்டவரே, சுகம் தாரும்" என்பார்கள். பிறகு "நம்மை விட்டுப் பிரிந்தவர்கள்" என்று சொல்லிவிட்டு வலது பக்கம் போவேன். அதற்கு "ஆண்டவரே, இளைப்பாறுதல் தாரும்."

அத்தான் பெயரை அன்று இடது பக்கத்தில் கடைசி வரியாக நான்தான் எழுதினேன். எழுதிய மை காய்வதற்குள், "நம்மை விட்டுப் பிரிந்தவர்கள்" என்று சொல்லி அவர் பெயரைப் படித்துவிட்டேன். மூன்றாவது பெஞ்சில் கம்பளித் தொப்பியோடு அவர் உட்கார்ந்திருக்கிறார். நான் அவரைப் பார்க்கிறேன்.

கண் தவறிவிட்டது அக்கா. அடுப்பை அணைத்தோமா என்று ஒரு நினைப்பு. அந்த ஒரு நொடியில் இடம் மாறிவிட்டது. உங்கள் இருவர் காலிலும் விழ வேண்டும் என்றிருந்தேன். வீட்டுக்கு வந்தால் நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். கீமோ முதல் சுற்றுக்காக வந்து ஒரு மாதம் என் வீட்டில் இருந்துவிட்டு, மத்தியானச் சாப்பாடுகூட இல்லாமல் போனீர்கள்.

அம்மா படுக்கையில் அப்படியேதான் இருக்கிறாள். நீங்கள் போனது அவளுக்குத் தெரியாது. அத்தான் வாய்ப்புண் ஆறிவிட்டதா என்று ஒரு வரி எழுது.

உன்
வண்டு


மார்ச் 9

தங்கைக்கு,

கடிதம் வந்தது. போனை எடுக்காததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு அந்த ஞாயிறுதான் கேட்கிறது. காகிதத்துக்குக் குரல் இல்லை. ஆகவே எழுது.

அடுப்புக் கதை வேண்டாம். உன் வீட்டு அடுப்பு தானாக அணைகிற அடுப்பு. வாங்கிக் கொடுத்தவள் நான். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளிடம், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி முதலில் வாயில் வந்த காரணத்தைச் சொல்லாதே.

நீ படித்ததும் கோயில் முழுக்கப் பதில் சொன்னது. ஒரு தலை நிமிரவில்லை. என் பக்கத்தில் இருந்தவரும் சொன்னார், கவனித்தாயா? உன் அத்தான்தான். தன் பெயருக்குத் தானே, "ஆண்டவரே, இளைப்பாறுதல் தாரும்" என்று நல்ல சத்தமாக. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. என் பக்கம் சாய்ந்து, "என்னடி, நான் போயிட்டேனா?" என்றார். பஸ்ஸில் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முன் சீட்டுக்காரரிடம்கூடச் சொன்னார். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றினார், அதோடு சிரிப்பு போய்விட்டது.

இப்போது என்ன சொல்கிறார் தெரியுமா? "உன் தங்கச்சி சும்மா ஆள் இல்ல. லேப்ல ரத்தம் பாக்கிறவ. என் ரத்தத்தையும் பாத்திருப்பா. டாக்டர் பூசி மெழுகினத அவ வாய் பூசி மெழுகல." இரண்டாம் சுற்று மருந்து ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறார். போகப் போவது நிச்சயம் என்றால் வாந்தி எடுத்துக்கொண்டு போக மாட்டாராம். இங்கே டாக்டர் இருபத்தைந்தாம் தேதிக்குள் ஆரம்பித்தாக வேண்டும் என்கிறார். தள்ளிப்போட்டால் முதல் சுற்றில் பட்ட பாடெல்லாம் வீண்.

ஒரே கேள்வி. அந்த நேரத்தில் உன் மனம் எங்கே இருந்தது? அவர் ரத்தத்திலா? ஆமென்றால் ஆமென்று எழுது. தாங்கிக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை லேப் மாடிப்படியில் நின்று படித்தேன்.

முதலில் ரத்தம். அத்தானுடைய குழாய் என் மேஜைக்கு வரவே இல்லை. சொந்தக்காரர் ரத்தத்தை நாங்கள் தொடக் கூடாது, அது எங்கள் லேப் விதி. எதிர் மேஜைக்காரிதான் பார்த்தாள். டீ குடிக்கும்போது கேட்டேன், ஒளிக்கவில்லை. "உங்க அத்தானா? வெள்ளை அணு ஏறிட்டு வருது. என் மாமனார் ரிப்போர்ட்ட விட நல்லா இருக்கு," என்றாள். அவள் மாமனாருக்கு ஒரு வியாதியும் இல்லை. ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அதில் எண்கள்தான் இருக்கின்றன, நீயே பார். அவர் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் அக்கா. நன்றாக இருக்கும் ரத்தத்தை வைத்துக்கொண்டு அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

இனிமேல் வாசிக்க மாட்டேன் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டேன். என்ன காரணம் என்று கேட்டார். சொன்னேன். "எந்த ஞாயிறு? நான் கவனிக்கலையே," என்றார்.

"நீங்க பக்கத்துலதானே சாமி நின்னீங்க?"

"நின்னேம்மா. பிரசங்கம் நீண்டுபோச்சே, எத்தன பேர் வாட்ச்ச பாத்தாங்கன்னு யோசிச்சிட்டு நின்னேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. படித்தவள், கேட்டவர்கள், பீடத்தில் நின்றவர், யாருமே அங்கே இல்லை. அத்தான் பெயர் மட்டும் இருந்திருக்கிறது.

உனக்கு என் வேலை தெரியும். ஒரு கண்ணாடித் துண்டில் இருநூறு அணு எண்ண வேண்டும். நூற்றி எண்பதில் இருக்கும்போது யாராவது கூப்பிட்டுவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. பதினெட்டு வருஷத்தில் எண்ணிக்கொண்டிருக்கும்போது மனம் தானாக ஓடியதாக எனக்கு நினைவில்லை. கோயிலில் முழங்கால் போட்டதும் ஓடும். முன்னால் இருப்பவள் தலைச்சாயம் வீட்டிலேயே போட்டாளா, குழாயில் வாஷர் மாற்ற வேண்டும், பகலில் அம்மாவைப் பார்க்கிற ஆயாவுக்கு நாளைக்கு லீவா. ஆண்டவரைவிட ஒரு வெள்ளை அணுவுக்கு நான் அதிக மரியாதை கொடுக்கிறேன் போலிருக்கிறது. சின்ன வயதில் வீட்டு ஜெபத்தில் நான் நெளிந்துகொண்டே இருப்பேன் என்று நீதானே வண்டு என்று பெயர் வைத்தாய். வண்டுக்கு நாற்பத்தாறு வயதாகியும் உட்காரத் தெரியவில்லை.

அடுப்பு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தானும் இல்லை. அதற்கு மேல் கேட்காதே அக்கா.

உன்
வண்டு


மார்ச் 17

தங்கைக்கு,

ரிப்போர்ட்டைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். ஒரு நிமிஷம் முகம் தெளிந்தது. பிறகு உன் கடிதத்தை வாங்கிக் கடைசி வரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "பாத்தியா?" என்றார். அவ்வளவுதான். நீ எழுதிய "கேட்காதே"தான் அவருக்குப் பதிலாகிவிட்டது. "நல்லா இருந்தா ஏன் கேக்காதேங்கிறா? காகிதத்துல எத வேணா அடிக்கலாம்," என்கிறார். மருமகளிடம் பீரோ சாவி எது எதற்கு என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்.

நானும் யோசித்துப் பார்த்தேன். கண் தவறியது என்கிறாய். கண் தவறினால் ஒரு பெயருக்குப் பதில் வேறு பெயர் வரும். ஆனால் நீ "நம்மை விட்டுப் பிரிந்தவர்கள்" என்று முழுசாகச் சொன்னாய். அது நோட்டில் எழுதியிருக்கவில்லை. அது உனக்குள்ளிருந்து வந்தது. ஆகவே உன் மனம் முதலில் செத்தவர்கள் பக்கம் போயிருக்கிறது, பிறகுதான் அவர் பெயர் வந்தது. எது உன்னை அங்கே கூட்டிப்போனது?

நீ யாரைக் காப்பாற்றப் பார்க்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. என்னை என்றால், தேவையில்லை. எட்டு நாள் இருக்கிறது. பதில் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

மூன்று தாளைக் கிழித்தாகிவிட்டது. இது நாலாவது. இதைத் திரும்பப் படிக்காமல் உறையில் போட்டுவிடுவேன்.

அத்தானிடம் ஒன்று கேள். அவர் பெயருக்கு முந்தி நான் படித்த பெயர் எது? அவருக்கு நினைவிருக்கும். உனக்கும் இருக்கும். அம்மா பெயர்.

ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெயரை இடது பக்கத்தில் நான் எழுதுகிறேன். முதல் வருஷம் எழுந்து உட்காருவாள் என்று எழுதினேன். அப்புறம் வலி குறைந்தால் போதும் என்று. அப்புறம் செருப்பைக் கழற்றுவது மாதிரி, எழுதிவிட்டு உள்ளே போவேன். அன்று அவள் பெயரைப் படித்தேன். எல்லோரும் "சுகம் தாரும்" என்றார்கள். என்ன சுகம் என்று நினைத்தேன். இந்தப் பெயர் எப்போது அந்தப் பக்கம் போகும் என்று நினைத்தேன்.

நினைத்தேன் என்பது பாதிப் பொய். ஆசைப்பட்டேன். வலது பக்கத்தில் அந்தப் பெயரைப் பார்த்தேன், என் கையெழுத்தில். அதற்கு அடுத்த காலை எப்படி இருக்கும் என்றுகூடப் பார்த்தேன். ஒரு டம்ளர் காபியை உட்கார்ந்து, ஆறுவதற்குள் குடிக்கிறேன். அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிதாக எதுவும் ஆசைப்படவில்லை. அதற்கே அம்மா உயிரைக் கேட்டிருக்கிறேன்.

கண் இடது பக்கத்தை விட்டு நகரவில்லை. மனம் வலது பக்கம் போய்விட்டது. வாய் மனத்தின் பேச்சைக் கேட்டு "நம்மை விட்டுப் பிரிந்தவர்கள்" என்று சொன்னது. கண் தன் வேலையைச் செய்து அடுத்த வரியைக் கொடுத்தது. அம்மாவுக்கு அடுத்த வரி அத்தான். நீ கேட்ட கணக்கு இதுதான். அத்தான் பெயர் அங்கே இருந்ததைத் தவிர அவருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மருந்து ஏற்றிக்கொள்ளச் சொல். அவர் ரத்தம் நன்றாக இருக்கிறது.

கவனம் சிதறியதற்காக நான் பயப்படவில்லை அக்கா. நாலு வருஷமாக அந்த மேடையில் என் மனம் முழுசாக நின்று கேட்ட ஒரே மன்றாட்டு அது ஒன்றுதான். அதற்குத்தான் பயப்படுகிறேன். அன்று வீட்டுக்கு வந்ததும் முதலில் அம்மா மூக்கருகில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. "நல்லவேளை" என்று தோன்றியது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் தோன்றியது. அதை எழுத மாட்டேன்.

அவள் உனக்கும் அம்மா. இதைப் படித்துவிட்டு நீ என்னை என்ன நினைத்தாலும் சரி. இருபத்தைந்தாம் தேதி மட்டும் தவறக் கூடாது.

தங்கை


மார்ச் 27

தங்கைக்கு,

இருபத்தைந்தாம் தேதி காலை போனோம். முதல் மருந்து ஏறிவிட்டது. வாந்தி இருக்கிறது, போன தடவை அளவுக்கு இல்லை. வாய்ப்புண் ஆறிவிட்டது. நீ முதல் கடிதத்தில் கேட்டிருந்தாய்.

உன் கடிதத்தை அவருக்கு நானே படித்துக் காட்டினேன். அம்மா வருகிற இடத்தை விட்டுவிட்டுப் படிக்கப் பார்த்தேன். அதை விட்டால் கடிதத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. முழுசாகப் படித்தேன். "ஆமா, அத்தை பேருதான் முன்னாடி வந்துச்சு," என்றார். கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப நான் சாகலையா?" என்றார். "இப்போதைக்கு இல்ல," என்றேன். "அந்தப் பொண்ணு காபி குடிச்சாளான்னு எழுதிக் கேளு," என்றார். கேட்டுவிட்டேன்.

அது அவர் சங்கதி. என் சங்கதி வேறு.

நீ ஆசைப்பட்டாய் என்பதைப் படித்துவிட்டேன். படிக்காத மாதிரி இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. ஆறு வருஷமாக மாதம் ஒரு நாள் வந்து, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு, சாயங்கால பஸ் பிடித்தவள் நான். எனக்கு உன்னைக் கேட்க என்ன யோக்கியதை என்று நீ நினைக்கலாம். நானும் அதைத்தான் நினைத்தேன். கோபம் போகவில்லை. யோக்கியதை இருப்பவர்களுக்குத்தான் கோபம் வர வேண்டும் என்று ஏதாவது இருக்கிறதா? அம்மா மூக்கருகில் வைத்த உன் கையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே பின்னால் என்ன தோன்றியது என்று நீ எழுதவில்லை. எழுதாததால் எனக்கு எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும்.

அம்மாவை இங்கே கொண்டுவரப் போகிறேன். அவருடைய அறைக்குப் பக்கத்து அறை காலியாக இருக்கிறது. பகலில் ஒரு நர்ஸ் வருகிறாள், இரண்டு கட்டிலையும் பார்த்துக்கொள்வாள். மருமகளும் இருக்கிறாள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உன் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும். இது உனக்கு ஓய்வா தண்டனையா என்று கேட்காதே, எனக்கே பிடிபடவில்லை. கூட நீ வர வேண்டாம். நான் சொல்கிறவரை இந்தப் பக்கமும் வர வேண்டாம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் விவரங்களை எழுதி நர்ஸுக்குக் கொடுத்தனுப்பு.

அக்கா


மார்ச் 31

அக்காவுக்கு,

நர்ஸுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். உனக்கே எழுதுகிறேன். நர்ஸ் மாறிப்போவாள், நீ இருப்பாய். ஆம்புலன்ஸ்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்கு ஊட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வை. புரட்டும்போது குதிகாலைப் பார். சிவந்திருந்தால் காலுக்கடியில் தலையணை வைத்துக் குதிகால் எதன்மேலும் படாமல் விடு. ஆறு வருஷத்தில் அவளுக்கு ஒரு படுக்கைப் புண் வரவில்லை. நகம் வளரவே விடாதே, தூக்கத்தில் முழங்கையைப் பிராண்டிக்கொள்வாள்.

தண்ணீர் கேட்க மாட்டாள். உதட்டை உள்ளே மடித்து இரண்டு தடவை அழுத்தினால் தாகம். சுவரைப் பார்த்துச் சிரித்தால் ஆண்டவர் தரிசனம் என்று நினைத்துவிடாதே, துணி நனைந்துவிட்டது.

கஞ்சி அரைக் கரண்டிதான். தொண்டை இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தது. பேசிக்கொண்டே ஊட்டுகிற நர்ஸ் என்றால் விடாதே. புரையேறினால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு கிண்ணத்துக்கு நாற்பது நிமிஷம் ஆகும். போனைப் பக்கத்து அறையில் வைத்துவிடு.

காலையில் முகம் துடைத்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்ல வேண்டும். கூடவே அவள் உதடு அசையும். ஒரு வரியைத் தாவினால் உதடு நின்றுவிடும், நீ திரும்பிப் போய் அந்த வரியை எடுக்கிறவரை காத்திருப்பாள். வேறு எதையாவது நினைத்துக்கொண்டு சொன்னால் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. கையை இழுத்துக்கொள்வாள். அப்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பி. நான் நாலு தடவைகூட ஆரம்பித்திருக்கிறேன், லேபுக்குத் தாமதமாகியிருக்கிறது. பாதியில் விட்டுவிட்டுப் போகாதே.

அத்தானிடம் சொல், காபி குடிக்கவில்லை. போட்டேன், ஆறிவிட்டது.

எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது என்றாய். அது அங்கேயே இருக்கட்டும். நீ என்ன ஊகித்தாலும் சரியாகத்தான் இருக்கும். உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இதை முடிக்க நினைத்தேன். கடைசி விவரம் ஒன்று பாக்கி இருக்கிறது, அதுதான் முக்கியம்.

முதல் கரண்டிக்கு வாயைத் திறக்க மாட்டாள். "யாரு?" என்று கேட்பாள். ஆறு வருஷமாக அவளுக்குக் கிடைத்த பதில் என் பெயர் ஒன்றுதான். வேறு யார் பெயரைச் சொன்னாலும் பல்லைக் கடித்துக்கொள்வாள். போன மாதம் நீ ஊட்டப் போனபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது அதனால்தான். நீ சமையலறையில் போய் அழுதாய், அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன்மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆகவே அவள் கேட்கும்போது என் பெயரைச் சொல். இப்போது உனக்கு அந்தப் பெயரைச் சொல்லப் பிடிக்காது என்று தெரியும். காதருகில் குனிந்து, நிதானமாக, இரண்டு தடவை சொன்னால் போதும். வாயைத் திறப்பாள்.

தங்கை